கடாரத்துத் தப்பும் உறுமியும்

கடாரம் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் மாணவர் நினைவில் முதலில் எழுவது முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படையேயாகும். 1025ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்த அப்படையெடுப்பை அம்மன்னனின் மெய்க்கீர்த்தி விரித்துரைக்கின்றது. பட்டினப்பாலை சுட்டும் காழகத்தைக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் உரை கண்டார். ஜெராய் மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்கள் அப்பழந்தொடர்புக்குக் கண்கண்ட சான்றுகளாய் நிற்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முழங்கிய வேந்தனின் முரசுக்குக் கல்வெட்டு உண்டு, உரையாசிரியர் உண்டு, அருங்காட்சியகமும் உண்டு.

அதே மண்ணில் சென்ற நூற்றாண்டில் வேறொரு தோற்கருவி ஒலித்தது. இரப்பர்க் காட்டின் நடுவே, லயங்களுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் இடைப்பட்ட வெளியில், பகலெல்லாம் பால்மரம் சீவிய கைகளே மாலையில் அதனை முழக்கின. அதற்குக் கல்வெட்டு இல்லை. தோட்ட நிருவாகத்தின் பேரேடுகளில் பால் எடைக்கு இடமிருந்தது, தப்பொலிக்கு இடமிருக்கவில்லை. ஆயினும் கெடா மாநிலத் தமிழரின் பிறப்பு, பூப்பு, திருமணம், திருவிழா, இறப்பு ஆகிய அனைத்தையும் அறிந்திருந்த கருவி அதுவே. அதன் வரலாற்றையும் இசை முறையையும் ஆராய்வது தோட்டத் தமிழரின் வாழ்க்கை வரலாற்றையே ஆராய்வதாகும்.

பெயரும் பொருளும்

தமிழகத்தில் பறை எனவும் தப்பு எனவும் வழங்கும் கருவி, மலேசியத் தோட்டப்புறங்களில் பெரும்பாலும் தப்பு என்றே அழைக்கப்பெற்றது. இச்சொல்லைப் பிழை என்னும் பொருளுடைய தப்போடு சேர்த்து நகையாடுவோர் உளர். தப்புதல் என்பதற்கு அடித்தல், அறைதல் என்னும் பொருள் உண்டு. துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பதைத் துணி தப்புதல் என்று நாட்டுப்புற மக்கள் இன்றும் கூறுவர். எனவே தப்பு என்பது அடித்து முழக்கப்படுவது என்னும் காரணப் பெயராகக் கொள்ளத்தக்கது. பறை என்னும் சொல்லோ பேசுதல், அறிவித்தல் என்னும் பொருளுடையது. மலையாளத்திலும் யாழ்ப்பாணத் தமிழிலும் பறைதல் என்றால் பேசுதலேயாகும். உறுமி என்பது உறுமும் ஓசையால் பெற்ற பெயர். இம்மூன்று பெயர்களிலும் இழிவுக்குரிய பொருள் ஏதும் இல்லை என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது.

இலக்கியமும் இதற்குச் சான்று பகரும். தொல்காப்பியர் திணைதோறும் அமையும் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் வைத்தார். ஒரு நிலத்து மக்களை அவர்தம் தெய்வத்தாலும் உணவாலும் அறிவது போலவே அவர்தம் பறையாலும் அறியலாம் என்பதே அவர் கருத்து. மாங்குடி கிழார் பாடிய 335ஆம் புறப்பாட்டு, சிறந்த குடிகளாக எண்ணும் நான்கனுள் துடியனும் பாணனும் பறையனும் இடம்பெறுகின்றனர். ஆண்டாளின் திருப்பாவையில் கன்னியர் நோன்பிருந்து வேண்டும் பொருளும் பறை என்னும் பெயராலேயே சுட்டப்படுகின்றது.

கடல் கடந்த கருவி

1909ஆம் ஆண்டில் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷாரின் மேலாண்மைக்குக் கெடா மாறியது. அதே காலத்தில் உலகச் சந்தையில் இரப்பரின் விலை ஏறியது. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், கோல கெட்டில் முதலிய இடங்களைச் சூழ்ந்த காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்களாயின. அவற்றுக்கு வேண்டிய ஆட்களைக் கங்காணிகள் தமிழக ஊர்களிலிருந்து திரட்டினர். 1907ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற குடிநுழைவு நிதி அவர்களின் கப்பற்செலவை ஏற்றது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியோர் பிறையைக் கடந்து கெடாவுக்கு வந்து சேர்ந்தனர். 1926ஆம் ஆண்டு முதல் 1973ஆம் ஆண்டு வரை அவ்வழியில் ஓடிய ரஜூலா கப்பலின் பெயர் மூத்த தலைமுறையினர் பலர்க்கும் நன்கு தெரிந்த பெயராகும்.

கங்காணி தன் ஊரையும் தன் சுற்றத்தையும் சார்ந்தே ஆள் திரட்டினான். ஆதலால் ஓர் ஊரின் உழவர் மட்டுமன்றி, அவ்வூரின் பூசாரியும் கூத்தாடியும் பறை முழக்குவோரும் ஒரே தோட்டத்திற்கு வந்து சேரும் வாய்ப்பு இருந்தது. வந்தவர்களுள் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட குலத்தினர். தோட்டத்தில் அனைவரும் ஒரே பிரட்டுக்களத்தில் நின்று, ஒரே நிறையில் பால் வெட்டினர். எனினும் ஊர் வழக்கங்கள் கடலில் கரைந்துவிடவில்லை. தொடக்க காலத்தில் குலத்துக்கொரு லயம் என்னும் பிரிவினை பல தோட்டங்களில் இருந்தது. தப்படிப்பதும் ஒரு சாராரின் கடமை எனவே கருதப்பட்டது. ஒரே கருவி மக்களை ஒன்றுகூட்டவும் செய்தது. அதனை ஏந்தியவரைத் தள்ளி நிறுத்தவும் செய்தது. இம்முரண்பாட்டிலிருந்தே அதன் பிற்கால வரலாறு முழுவதும் கிளைக்கின்றது.

இசை முறை

தோட்டத்து மேளத்தில் இரண்டு மூன்று தப்புகளும், ஓர் உறுமியும், பம்பை அல்லது தவிலும், கைத்தாளமும் இடம்பெறும். வசதி வாய்ப்பின் நாதசுரமும் சேரும். மேளக்காரர்கள் முழுநேரக் கலைஞர் அல்லர். அவர்கள் பால் வெட்டுவோரும், காட்டுவேலை செய்வோரும், ஆலையில் உழைப்போருமே ஆவர். எந்த அவைக்கும் எந்தப் புரவலர்க்கும் கட்டுப்படாத தற்சார்புக் குழு அது. தந்தையிடமிருந்து மகனும், மாமனிடமிருந்து மருமகனும் கேட்டும் பார்த்துமே கற்றனர்.

தப்பு எளிய கருவிபோல் தோன்றினும் அதன் அமைப்பு நுட்பமானது. மரத்துண்டுகளை வளையமாக இணைத்து, அதன்மேல் பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவர். இடத்தோளில் சார்த்தி, இடக்கையில் மெல்லிய நீண்ட சுண்டுக்குச்சியையும் வலக்கையில் தடித்த குட்டையான அடிக்குச்சியையும் பிடித்து முழக்குவர். முன்னது ஓசையைச் சிதறடிக்கும். பின்னது அதனை நிலைநிறுத்தும். முழக்குமுன் வைக்கோலையோ சருகையோ கொளுத்தித் தோலைக் காய்ச்சுவர். ஈரம் நீங்கித் தோல் இறுகும்போது ஒலி மேலெழும். மழை மிகுந்த மலேசியத் தட்பவெப்பத்தில் தோல் விரைவில் தளர்ந்துவிடும். ஆகவே நெருப்பு மூட்டுவது சடங்கன்று. அது சுருதி சேர்க்கும் முறையே ஆகும்.

உறுமி இடை சிறுத்த இருமுகக் கருவி. வலமுகத்தை மெல்லிய குச்சியால் தட்டுவர். இடமுகத்தை வளைந்த குச்சியால் அழுந்தத் தேய்ப்பர். அத்தேய்ப்பில் எழும் நீண்ட உறுமல், கேட்போர் நெஞ்சினுள் இறங்கும் இயல்புடையது. அருள் வந்து ஆடுவோரை எழுப்புவதும், காவடி சுமப்போரின் களைப்பை மறக்கச் செய்வதும் இவ்வோசையே என்பது மக்கள் நம்பிக்கை.

தாள முறையிலும் ஒழுங்கு உண்டு. சாமிக்கு ஓர் அடி, மணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி எனப் பாகுபாடு செய்வர். அடிகள் பல மும்மூன்றாகப் பிரியும் திசிர நடையில் அமைவன. நடக்கும் கால்களுக்கும் ஆடும் உடலுக்கும் அந்நடை இயல்பாகவே பொருந்துகின்றது. தலைமைத் தப்புக்காரர் முதலில் ஓரடியைத் தனித்து எடுத்துக்கொடுப்பார். ஏனையோர் அதனை வாங்கி முழக்குவர். மெல்லத் தொடங்கி, படிப்படியாக விரைந்து, தலைவரின் ஒரு குறிப்பில் அனைத்தும் ஒருங்கே நிற்கும். செவ்வியல் இசையரங்கில் ஆண்டுக்கணக்கில் பயின்று பெறும் அவ்வொருமைப்பாடு, எழுத்தறியாத தொழிலாளரிடம் பழக்கத்தால் கைவந்தது. தொலைவில் இருந்தே இன்ன அடி என்று கேட்டறிந்து, எந்த லயத்தில் என்ன நிகழ்ந்தது என்பதைத் தோட்டத்து மக்கள் உணர்ந்துகொண்டனர். பறை என்பதன் அறிவித்தற்பொருள் ஈண்டு எழுத்துக்கெழுத்து மெய்யாயிற்று.

தைப்பூசம், பங்குனி உத்திரம், சித்திரா பௌர்ணமி ஆகிய விழாக்களும் தீமிதியும் தோட்டத்து நாட்காட்டியில் தலையாயவை. வடமாநிலங்களில் ஆண்டின் தொடக்க மாதங்கள் மழை குறைந்தவை. அம்மாதங்களில் இரப்பர் மரம் இலையுதிர்க்கும், பாலும் குறையும். வருவாய் சுருங்கிய காலத்தில்தான் விழாக்கள் நிறைந்தன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. கைச்செலவுக்கு வழியில்லாத மாதங்களிலும் மேளம் ஒலித்தது எனில், மக்கள் அதனைத் தேவை எனக் கருதினரேயன்றி ஆடம்பரம் எனக் கருதவில்லை.

ஒலி அடங்கிய காலமும் சீர்திருத்தக் குரலும்

ஜப்பானியர் ஆட்சி தோட்டத்து வாழ்வைக் குலைத்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில் பாதைக்கென மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்தொகையாகக் கொண்டு செல்லப்பட்டனர். பலர் திரும்பவில்லை. கேட்டும் பார்த்தும் மட்டுமே கற்பிக்கப்பட்ட கலைக்கு, ஒரு தலைமுறை ஆடவர் மறைவது நூலகம் எரிவதற்கு ஒப்பாகும்.

போருக்குப் பின் கெடாத் தொழிலாளரிடையே புதிய எழுச்சி தோன்றியது. தொண்டர் படை என்னும் இளைஞர் அமைப்பு தோட்டந்தோறும் பரவிக் கள்ளுக்கடைகளை எதிர்த்தது. 1947ஆம் ஆண்டில் பீடோங் வட்டாரத்தில் அவ்வியக்கத்தினர்க்கும் காவல்துறையினர்க்கும் ஏற்பட்ட மோதல்கள் உயிரிழப்பில் முடிந்தன. குடியிலிருந்தும் இழிவிலிருந்தும் விடுபட்டு மானத்தோடு வாழவேண்டும் என்னும் வேட்கையே அவ்வெழுச்சியின் அடிப்படை.

இவ்வேட்கை தப்பின்மீதும் தாக்கம் செலுத்தியது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ரா. மலாயாவுக்கு வந்து சென்ற பின் சுயமரியாதைக் கருத்துகள் இந்நாட்டில் வேரூன்றின. குலத்தின் பேரால் சுமத்தப்பட்ட தொழில் எதுவாயினும் அதனை மறுக்கவேண்டும் என்று சீர்திருத்தவாதிகள் கூறினர். தமிழகத்திலும் பறையடிக்க மறுக்கும் போராட்டங்கள் நிகழ்ந்தன. சாவு வீட்டில் கள்ளும் சில்லறையும் பெற்றுத் தப்படித்த தந்தையின் மகன், இனி அதனைத் தொடமாட்டேன் என்று உறுதி கொண்டால் அவனைக் குறைகூற இயலாது. கருவியைக் கீழே வைப்பதே அக்காலத்தில் விடுதலையின் முதல் அடையாளமாயிருந்தது. கலை நலிந்தது என வருந்துவோர், அக்கலைஞன் பட்ட அவமதிப்பை மறந்து வருந்துதல் நேர்மையாகாது.

தோட்டத்திலிருந்து நகரத்துக்கு

ஐம்பது அறுபதுகளில் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதன்பின் இரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் செம்பனை எழுந்தது. செம்பனைக்குப் பக்கத்திலேயே வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. சுங்கை பட்டாணி பெருநகராய் வளர்ந்தது. 1996ஆம் ஆண்டில் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பெற்றது. லயத்தை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் அடுக்குமாடிகளிலும் மலிவுவிலை வீடுகளிலும் குடியேறின. கோயிலும் திடலும் அண்டை அயலாரும் பிரிந்தபோது, அவற்றை நம்பி வாழ்ந்த மேளமும் இடம் இழந்தது.

ஆயினும் அது மறையவில்லை, உருமாறியது. எண்பதுகளுக்குப் பின் தோட்டத்துப் பிள்ளைகளே நகரங்களில் உறுமி மேளக் குழுக்களை அமைத்தனர். குலத்தொழிலாக அன்றி, விருப்பத்தால் சேர்ந்த இளைஞர் குழுக்கள் இவை. தெய்வப் பெயர் சூட்டிக்கொண்டனர், சீருடை அணிந்தனர், போட்டிகளில் பங்குகொண்டனர். தைப்பூசம் வரும் முன்னரே காவடி எடுப்போர் அவர்களை நாடி முன்பதிவு செய்யும் நிலை வந்தது. தோலுக்கு மாற்றாகச் செயற்கை இழையால் ஆன முகங்கள் வந்தன. மழையில் தளராத, காய்ச்சவேண்டாத, உரத்து ஒலிக்கும் முகங்கள் அவை. அதனால் பயன் விளைந்தது. தோலுக்கே உரிய குழைவு குறைந்தது என்பதும் மெய்.

இக்குழுக்களின் பேரில் குறைகளும் எழுந்தன. திரையிசை மெட்டுகள் புகுந்துவிட்டன, பக்தி குறைந்து ஆரவாரம் மிகுந்தது என்று சமயப் பெரியோர் வருந்தினர். அண்டை நாடான சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டிலேயே தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் தடை செய்யப்பெற்றன. 2016ஆம் ஆண்டில்தான் குறிப்பிட்ட சில இடங்களில் இசைக்க அனுமதி கிடைத்தது. மலேசியாவில் அத்தகைய முழுத்தடை இல்லாமையே உறுமி மேளம் தழைத்தமைக்கு ஒரு காரணம் எனலாம். உரிமை நிலைக்க வேண்டுமாயின் ஒழுங்கும் நிலைக்க வேண்டும் என்பதை இளைஞர் உணர்தல் நன்று.

அதேவேளையில், குறை கூறுவோரும் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். பழைய அடிகளை அறிந்தோர் முதுமையெய்திய பின், அவற்றை இளைஞர்க்குக் கற்பிக்க எந்தப் பள்ளி இருந்தது? எந்த மன்றம் முன்வந்தது? பரதமும் வீணையும் கற்பிக்க வகுப்புகள் தோன்றின. தப்புக்கு அத்தகைய இடம் அரிதாயிற்று. கற்பிப்பார் இன்றி வளர்ந்தோர்க்கு அன்றாடம் காதில் விழுந்த திரையிசையே ஆசானாய் அமைந்ததில் வியப்பில்லை.

மீண்டும் ஏந்திய கைகள்

தாயகத்தில் இவ்வினாவுக்கு ஒரு விடை உருவாயிற்று. கே. ஏ. குணசேகரன் (1955–2016) தன்னானே கலைக்குழுவின் வழி நாட்டுப்புற இசையை மேடையேற்றினார். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராய்த் திகழ்ந்தார். திண்டுக்கல்லைச் சார்ந்த சக்தி கலைக்குழுவில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்களே பறையை ஏந்தினர். தொண்ணூறுகளில் நடந்த தலித் கலை விழாக்கள் பறையை விடுதலை இசையாக முழங்கின. 2025ஆம் ஆண்டில் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

பறையைக் கீழே வைத்ததும் மானத்துக்காக. மீண்டும் எடுத்ததும் மானத்துக்காகவே. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று மாறானவை அல்ல. அடி என்று பிறர் ஏவியதால் அடிப்பது அடிமைத்தனம். அடிப்பேன் என்று தானே விரும்பி அடிப்பது கலை. இடையில் மாறியது கருவி அன்று. அதனை ஏந்துவோனின் நிலையே ஆகும். குலம் பாராமல் இளைஞர் ஒன்றுகூடி உறுமி முழக்கும் கெடா நகரத்துக் குழுக்கள், தாம் அறிந்தோ அறியாமலோ, இம்மாற்றத்தையே நிகழ்த்தி வந்துள்ளன.

பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் என்னும் நந்தனார் வரலாறு வருகின்றது. கோயில் முரசுகளுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும் யாழுக்கு நரம்பும் அளித்தவர் அவர். அவர் கொடுத்த தோல் திருவாயிலைக் கடந்து உள்ளே சென்று ஒலித்தது. அவரோ வெளியில் நின்றார். வகுப்பறையில் இப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர், தம் முன் அமர்ந்திருக்கும் மாணவருள் ஒருவனின் பாட்டனும் அவ்வாறே கோயிலுக்கு வெளியில் நின்று தப்படித்திருக்கக்கூடும் என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

செய்யத்தக்கது

இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தேயிலைத் தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அதனால் அம்மக்களின் குரல் நூலாய் நிலைபெற்றது. கெடாவின் தப்படிகளுக்கும் அத்தகைய தொகுப்பு வேண்டும். தோட்டத்தில் மேளம் முழக்கிய முதியவர்கள் இன்று மூப்பின் எல்லையில் உள்ளனர். அவர்தம் அடிகளை ஒலிப்பதிவு செய்தல், அவற்றின் பெயர்களைக் குறித்தல், எந்தத் தோட்டத்தில் எந்த விழாவில் எது முழக்கப்பட்டது எனக் கேட்டெழுதுதல் ஆகியவை பெரும்பொருள் வேண்டாத பணிகள். ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் நான்கு மாணவரும் விடுமுறை நாட்களில் செய்துவிடக்கூடியவை.

இதனைச் செய்யும் மாணவன் இரு பயன்களைப் பெறுவான். தொல்காப்பியம் சொன்ன கருப்பொருள் பறை, வெறும் தேர்வுக் குறிப்பாக நில்லாமல் தன் வீட்டு முதியவரின் கையில் இருந்த பொருள் என்பதை உணர்வான். அம்முதியவரும், தாம் வெட்கத்தோடு மறைத்து வைத்த ஒன்றைப் பேரன் குறிப்பேட்டோடு வந்து கேட்கும்போது, தம் வாழ்நாள் வீண்போகவில்லை என்பதை அறிவார்.

கடாரத்தை வென்ற வேந்தனின் வரலாற்றைத் தமிழர் மறக்கவில்லை. கடாரத்து மண்ணில் உழைத்து மடிந்தவர்களின் தாளத்தையும் அவர்கள் மறக்கலாகாது. முன்னதற்குக் கல் சாட்சி. பின்னதற்கு இன்று சில முதியவர்களின் கைகளே சாட்சி. அக்கைகள் ஓயுமுன் அவ்வடிகளைக் கேட்டு எழுதி வைப்பதே தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உரிய கடமையாகும்.